முதுகுக்குக் கீழே

போன மார்கழியில் என் பேரன் பச்சைமலைக்குப் புறப்பட்டான். சிநேகிதர்கள் நாலு பேர். இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி அதில் தூங்குவார்களாம். அதற்கு ஹேமக் என்று பெயர். "தூளி என்று சொல்லேன்டா. ஒரு வயசு வரைக்கும் நீ அதில்தானே கிடந்தாய்!" என்றேன். சிரித்தான். சிரித்துவிட்டு, "முதுகுக்குக் கீழே போட ஒரு ஃபோம் ஷீட் வாங்கணும். துணைக்கு வாங்கோ, தாத்தா" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. தூளிக்குள் ஒரு மெத்தை எதற்கு? குளிருக்கென்றால் நல்ல கம்பளி ஒன்று போதாதா?

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் காவிரிப் பாலத்தைக் கடப்பதற்குள் பையன் எனக்குப் பாடம் நடத்தி முடித்துவிட்டான். கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, நம் உடம்பின் சூடு வெளியே போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். மேலே போர்த்திய கம்பளி உப்பலாக இருக்கும். முதுகுக்கடியில் அகப்பட்ட கம்பளியோ நம் கனத்தில் நசுங்கி, காற்றையெல்லாம் விட்டுவிடும். தரையில் படுத்தால் தரை சூட்டை உறிஞ்சுகிறது. தூளியில் படுத்தாலோ அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடுகிற காற்று ஒவ்வொன்றும் நம் சூட்டில் கொஞ்சத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. 20 டிகிரி என்றாலே முதுகு சில்லிட்டுவிடும் என்றான். திருச்சியின் மார்கழி இரவே ஏறக்குறைய அவ்வளவுதான். சித்திரை வெயிலில் வெந்து பழகிய நமக்குக் குளிரைப் பற்றி யாராவது பேசினால் சிரிப்பு வருகிறது.

பெரிய கடைவீதியில் கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது மெத்தென்ற ஸ்பாஞ்சு. எனக்கு மிகவும் பிடித்தது. பையன் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். விரல் அடிவரைக்கும் போயிற்று. "வேண்டாம்" என்றான். அதிலுள்ள துளைகள் ஒன்றுக்கொன்று திறந்தவை. கனம் ஏறினால் காற்று ஓடிவிடும், பனி இறங்கினால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அடுத்து வந்தது சாம்பல் நிறத்தில், விறைப்பாக, பார்ப்பதற்கே இஷ்டமில்லாத ஒரு ஷீட். அதன் குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை. விரல் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. அரை அங்குலக் கனம். அகலந்தான் யோசிக்கவேண்டிய விஷயமாம். தூளித் துணி இரண்டு பக்கமும் தோளை அணைத்துக்கொண்டு ஏறும். 20 அங்குல ஷீட்டில் தோள்கள் வெளியே நின்றுவிடும். ஆகவே அகலமாக வாங்கி, கால் பக்கத்தில் வேண்டாததைக் கத்தரித்துவிட வேண்டும். துணி இரட்டையாக இருந்தால் நடுவில் செருகிவிடலாம், நழுவாது.

"தம்பி, இது மெத்துன்னே இருக்காதே?" என்றார் கடைக்காரர்.

"மெத்துக்குத் துணி இருக்கு. இது குளிருக்கு மட்டும்."

மெத்து வேறு, வெதுவெதுப்பு வேறு. இருபது வயதுப் பையனுக்குத் தெரிந்த இது எனக்கு 1965இல் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒரு முட்டாள்தனம் செய்திருக்க மாட்டேன்.

எங்கள் அத்தை, அப்பாவின் தமக்கை, பத்தொன்பது வயதில் தாலியை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். அவளுக்கு ரேழியில் இடம். ஒற்றைப் பாய், தலைக்கு ஒரு மணைக்கட்டை. விதவைக்கு மறுமணம் செய்துவைக்க 1856லேயே சட்டம் வந்துவிட்டது. அவள் எதன்மேல் படுக்கலாம் என்பதைத் தெரு பார்த்துக்கொண்டது. "உங்க அத்தை மாதிரி வைராக்கியசாலி உண்டா!" என்று அதே தெரு மெச்சவும் மெச்சிற்று.

ஒரு மார்கழியில் திருச்சியில் இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு, இருட்டில் ரேழியைத் தாண்டினேன். காலடியில் காகிதம் சரசரத்தது. அத்தை திடுக்கிட்டு எழுந்து, "எலிடா" என்றாள். பாய்க்கு அடியில் பழைய பத்திரிகைகள். விடியுமுன் அவற்றை எடுத்து மறுபடி பரணில் அடுக்கிவிடுவாள் போலிருக்கிறது. என் முதல் கதை வந்த இதழும் அந்த அடுக்கில்தான் இருந்தது. அந்தக் கதையால் யாருக்காவது பிரயோசனம் உண்டென்றால் அது அவளுக்குத்தான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. முதல் சம்பளம் வந்ததும் இதே கடைவீதியில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்று வாங்கி, குதிரைவண்டியில் ஏற்றி, தெருவே பார்க்கும்படி வாசலில் இறக்கினேன்.

அத்தை அதைத் தொடவில்லை. "எனக்கென்னத்துக்குடா மெத்தை? உங்கப்பா முதுகு வலிங்கறான். அவனுக்குப் போடு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நன்றி இல்லையே என்றுகூட நினைத்தேன். எவ்வளவு கேவலம்!

கஷ்டத்தைத் தாங்குவது புண்ணியமா? ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு கடைவீதியில் நடக்கையில் மலைக்கோட்டை தெரிந்தது. அந்தப் பாறையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கத்தில் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் இன்னும் விசேஷம்: 17 படுக்கைகள், வழவழவென்று இழைத்தவை, தலைமாட்டில் கல்லிலேயே ஒரு மேடு. உடம்பை வெறுத்தவர்களும் தலைக்கு உயரம் விட்டார்கள் பாருங்கள்! அவர்களை நான் வணங்குகிறேன். வேண்டாமென்று தோன்றினால் அவர்கள் எழுந்து மலையிறங்கிப் போயிருக்கலாம். என் பேரனும் அப்படித்தான். குளிர் தாங்கவில்லையென்றால் விடிந்ததும் பஸ் ஏறிவிடுவான். அத்தைக்கு இறங்கிப் போக எந்த ஊர் இருந்தது? அவள் தாங்கியதை வைராக்கியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. வேறொன்றும் கொடுக்காத உலகம் அந்த ஒரு பெயரைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தது. அதை அவள் நாற்பது வருஷம் காப்பாற்றினாள். இரவில் மட்டும் நாலு காகிதத்தின் தயவில். என் மெத்தை அந்தப் பெயரை வாசலிலேயே பறிக்க வந்தது. அவளைக் கேட்காமல் பாயில் படுக்க வைத்தார்கள். நானும் கேட்காமல்தான் மெத்தையில் படுக்க வைக்கப் பார்த்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது மெத்து அல்லவே. முசிறிப் பக்கத்துக் கோரைப் பாய் இன்னொன்று வாங்கிப் பழையதற்கு அடியில் போட்டிருந்தால் போதும். கோரைத்தண்டு லேசில் நசுங்காது. உள்ளே காற்று நிற்கும். பார்ப்பவர்களுக்கு அதுவும் பாய்தான். ஆனால் அதை வாங்கினால் என் தாராளத்தை யார் பார்ப்பார்கள்?

பேரன் மலைக்குப் போய் இரண்டு நாளில் திரும்பிவிட்டான். முதுகு குளிரவில்லையாம், மூக்குத்தான் குளிர்ந்ததாம். கயிறு மரப்பட்டையை அறுக்காமலிருக்க அகலமான பட்டையாகக் கட்டினோம் என்று பெருமையாகச் சொன்னான்.

கத்தரித்த துண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. ஒருநாள் எல்லோரும் தூங்கினபின் அதை ரேழியில் போட்டு, மேலே பாயை விரித்தேன். சற்று எட்ட நின்று பார்த்தேன். அடியில் ஒன்று இருப்பதே தெரியவில்லை.