அரை இஞ்ச் வாஷர்

உங்கள் வீட்டு பாத்ரூம் குழாய் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கி மூடுவீர்கள். மூன்றாம் நாள் கீழே ஒரு பக்கெட். நான்காம் நாள் பிளம்பருக்கு போன். "நாளைக்குக் காலைல வந்துடறேன் சார்" என்பார். அது எந்த நாளை என்பது கபாலீஸ்வரருக்குத்தான் தெரியும்.

விநாடிக்கு ஒரு துளி என்று கணக்குப் போடுவோம். இருபது துளி சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லி. ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல், வருஷத்துக்குச் சுமார் 1,500 லிட்டர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கோடையில் சென்னையில் எந்தக் குழாயும் சொட்டியிருக்காது. சொட்டுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே.

குழாய் ஏன் சொட்டுகிறது? பழைய மாடல் பித்தளைக் குழாயில் தலையைத் திருகினால் உள்ளே ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அதன் நுனியில் காலணா சைஸில் ஒரு ரப்பர் வட்டம். அது தண்ணீர் வரும் துவாரத்தின் விளிம்பில் அழுந்தி உட்கார்ந்து அடைக்கிறது. ரப்பர் தேய்ந்தால் சரியாக உட்காராது, சொட்டும். நீங்கள் இறுக்க இறுக்க அது இன்னும் சீக்கிரம் தேயும். மாடி டாங்க்கிலிருந்து இறங்கும் வால்வை மூடிவிட்டு, ஸ்பானரால் தலையைக் கழற்றி, பழைய வட்டத்தை எடுத்துப் புதியதைப் போட்டுத் திரும்ப மாட்ட வேண்டியதுதான். பத்து நிமிஷம். ஹார்ட்வேர் கடையில் "அரை இஞ்ச் டாப் வாஷர்" என்று கேட்டால் ஒரு ஹோட்டல் காபியைவிடக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். (உங்கள் குழாய் கால் திருகில் திறக்கும் நவீன ரகம் என்றால் வாஷர் கிடையாது. உள்ளே செராமிக் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ். அதையும் மாற்றலாம், அதே பிராண்ட் கிடைத்தால்.)

இவ்வளவு சுலபமான வேலையை நம்மில் பெரும்பாலோர் ஏன் தொடுவதில்லை? இங்கேதான் குழாயை விட்டுத் தத்துவத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

ராபர்ட் பிர்சிக் என்ற அமெரிக்கர் 1974-ல் 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 121 பதிப்பகங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றது. அதில் ஜான் என்ற நண்பர் வீட்டில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை வாஷர் மாற்றிப் பார்க்கிறார், சரியாகவில்லை, அப்படியே விட்டுவிடுகிறார். அந்தச் சத்தம் தங்களைப் படுத்துகிறது என்பதைக் கணவனும் மனைவியும் ஒப்புக்கொள்வதில்லை. கோபம் என்னவோ குழந்தைகள் மேல் பாய்கிறது. அவருடைய பி.எம்.டபிள்யூ பைக்கின் ஹேண்டில்பார் நழுவுகிறது. காலி பீர் டின்னில் ஒரு துண்டு தகடு வெட்டிச் செருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. ஜானுக்கு அது அவமானமாகப் படுகிறது. மெஷின்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே பிடிக்காத மனசு அது என்கிறார் பிர்சிக்.

நம் ஊர்க் கதை இது இல்லை. நமக்கு மெஷின் மேல் பயமோ வெறுப்போ கிடையாது. புது போன் வந்த அன்றே வாங்குகிறவர்கள் நாம். அமெரிக்காவில் வேலையாள் கூலி அதிகம், அதனால் பேராசிரியர்கூட சனிக்கிழமை ஏணியில் ஏறி வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறார். இங்கே கூலி குறைவு. தி.நகரில் ஒருவர் தானே ஏணி ஏறி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் "என்ன சார், ஆள் கிடைக்கலியா?" என்பார். அவர் கேட்பதன் அர்த்தம், ஒன்று நீங்கள் கஞ்சன், அல்லது கஷ்டத்தில் இருக்கிறீர்கள். மூன்றாவதாக ஒரு காரணம், உங்களுக்கு அந்த வேலை பிடித்திருக்கலாம் என்பது, அவருக்குத் தோன்றாது.

கூலி ஏன் குறைவு என்று யோசித்துப் பார்த்தால் சங்கடமான இடத்துக்கு வந்து சேர்வோம். யோசிக்கிற வேலை ஒரு ஜாதிக்கு, இரும்பு ஒரு ஜாதிக்கு, மரம் ஒன்றுக்கு, தோல் ஒன்றுக்கு, மலம் ஒன்றுக்கு என்று பிரித்து, கையில் அழுக்குப் படப்பட மரியாதையைக் குறைத்துக்கொண்டே போனவர்கள் நாம். மயிலாப்பூரில் "அம்மி கொத்தலையோ" என்றும், "ஈயம் பூசறது" என்றும், "சாணை பிடிக்கிறது" என்றும் குரல்கள் வாசலோடு போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. வேலை வாசலிலேயே நடக்கும், காசு வாசலிலேயே கைமாறும், குடிக்கத் தண்ணீர் தனிச் சொம்பில் வரும். பழைய வீடுகளில் கக்கூஸ் சுத்தம் செய்ய வருகிறவருக்குக் கொல்லைப்புறமாகத் தனி வழி. மிக்ஸி வந்து அம்மி போய்விட்டது, எவர்சில்வர் வந்து ஈயம் போய்விட்டது. தனி வழி முழுக்கப் போய்விட்டதா? ஐம்பது வயசு பிளம்பரை இருபத்தைந்து வயசு ஐ.டி. பையன் "என்னப்பா, இவ்ளோ லேட்டா வர்றே" என்கிறான். அவர் "சாரி சார்" என்கிறார். கவனித்திருப்பீர்கள்.

இத்தனைக்கும் அதே மயிலாப்பூரில்தான் வள்ளுவருக்குக் கோயில் இருக்கிறது. அவர் தறி நெய்து பிழைத்தவர் என்பது வழிவழிக் கதை. ஹாலந்தில் ஸ்பினோசா லென்ஸ் தேய்த்துக்கொண்டே கடவுளைப் பற்றி யோசித்தார். கோவை ஜி.டி.நாயுடு ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியே மெக்கானிசம் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் ஆரம்பித்தார். 1901-ல் கல்கத்தா காங்கிரஸுக்குப் போன காந்தி, கக்கூஸ் நாறுவதைத் தொண்டர்களிடம் சொல்ல, அது தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. அவர் ஒரு துடைப்பத்தைத் தேடி வாங்கித் தானே சுத்தம் செய்தார். சுயசரிதையில் இருக்கிறது.

பெண்களை இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். குக்கருக்கு கேஸ்கட் மாற்றுவது, சேஃப்டி வால்வு போடுவது, ஸ்டவ் பர்னரைக் கழற்றி அடைப்பு எடுப்பது, சிங்க் அடியில் கையை விட்டுச் சோற்றுப்பருக்கையை அள்ளுவது எல்லாம் எந்த மெக்கானிக்கையும் கூப்பிடாமல் தினம் நடக்கிற ரிப்பேர் வேலைகள். அதற்கு ரிப்பேர் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, "நானே எல்லாம் செஞ்சுண்டா பிளம்பர் பிழைப்பு என்ன ஆறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடையாறில் ஒரு நண்பர் யூட்யூப் பார்த்து வாஷர் மாற்றக் கற்றுக்கொண்டார். அடுத்த தடவை மோட்டார் லைனில் லீக் என்று ஆள் வந்தபோது, "இது பத்து நிமிஷ வேலை, இதுக்கு ஐந்நூறா?" என்று பேரம் பேசி முந்நூறுக்கு இறக்கிவிட்டார். கற்றுக்கொண்டதால் அவர் நல்லவர் ஆகவில்லை, இன்னும் கறாராகத்தான் ஆகியிருக்கிறார். இது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான். கை அழுக்கானால் மனசு விரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை போலிருக்கிறது.

ஆனால் நண்பர் பாதிக் கணக்குத்தான் போட்டார் என்பேன். அவர் செய்தது தன் வீட்டுக் குழாய், தன் சௌகரியத்துக்கு, ஒரு தடவை. சரியாக வராவிட்டாலும் கேட்க ஆளில்லை. வந்தவர் எங்கிருந்து வந்தார்? பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் குடியிருந்த குடும்பங்களில் பலவற்றை 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியாகிவிட்டது. முன்பு உங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்து நடந்து வந்த கொத்தனாரும் எலெக்ட்ரீஷியனும் வீட்டுவேலை செய்யும் அம்மாவும் இப்போது பதினைந்து இருபது கிலோமீட்டர் பஸ் மாறி வருகிறார்கள். லீக்கை அடைக்கப் பத்து நிமிஷம், வந்து போக மூன்று மணி நேரம். "நாளைக்கு வரேன் சார்" தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்நூறை இந்த மூன்று மணி நேரத்தால் வகுத்துப் பார்த்துவிட்டு நண்பர் பேரத்தைத் தொடரட்டும்.

அதனால் நான் சொல்வது, எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள் என்பதல்ல. நேரமில்லையா, ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் ஒவ்வொரு வேலையையும் ஒரு தடவையாவது கையால் தொட்டுப் பாருங்கள். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அநேகமாக உள்ளே இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போயிருக்கும். ரிச்சி தெருவுக்குப் போனால் கிடைக்கும். மெயினை அணைத்துவிட்டு, பழைய கெபாசிட்டரின் இரண்டு முனையையும் விரலால் தொடாமல் மாற்ற வேண்டும். மழைக்கு முன்னால் மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் பைப்பில் இலைதழையை எடுப்பதற்கு எந்த இன்ஜினியரிங் படிப்பும் தேவையில்லை. கார்தான் பிரச்னை. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை எந்த ஊர் புளியமரத்தடியிலும் பிரித்து மாட்டினார்கள். இன்றைய காரில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடி நம்மை வரவேற்கிறது. போனில் அதுகூட இல்லை, பசை போட்டு ஒட்டியே கொடுக்கிறார்கள். நமக்குச் சொந்தமான பொருளைத் திறந்து பார்க்கும் உரிமைக்காக உலகம் முழுக்கச் சண்டை நடக்கிறது. மத்திய அரசும் 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்று ஒரு இணையதளம் திறந்தது. ஸ்பேர் பார்ட் விவரம், கம்பெனிகளின் சர்வீஸ் விவரம் கிடைக்கும். உரிமை கிடைத்தால் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்போமா என்பது வேறு விஷயம்.

தொடவே கூடாத வேலைகளும் உண்டு. காஸ் கசிகிறது என்று தோன்றினால் வீரம் காட்டாதீர்கள். ஸ்விட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள்.

இன்னொன்று செப்டிக் டாங்க். இதை நீங்கள் செய்யப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கியிருக்கும். இரண்டாவது விஷவாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு அதிகமானால் மோப்ப சக்தியையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும்தான். இப்படிச் செத்தவர்கள் அதிகம் பதிவான மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு இருக்கிறது. 2013-ம் வருஷத்துச் சட்டப்படி தகுந்த பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டாங்க்குக்குள்ளோ இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டுமே கிடைக்கலாம். சட்டம் அரசாங்கத்துக்கு மட்டும் இல்லை, உங்கள் ஃப்ளாட் அசோசியேஷன் செக்ரட்டரிக்கும் சேர்த்துத்தான். இறந்தவர் குடும்பத்துக்கு 2014-ல் பத்து லட்சம் என்று சொன்ன சுப்ரீம் கோர்ட், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது.

குழாயும் ஃபேனும் நேரமில்லாததால் பிறரிடம் கொடுக்கும் வேலைகள். அவற்றை நாமும் செய்ய முடியும், செய்தால் உயிர் போகாது. இது அப்படியில்லை. எத்தனை ரூபாய் கொடுத்தாலும் நாம் இறங்க மாட்டோம், நம் பிள்ளையை இறக்க மாட்டோம். அப்புறம் எந்தக் கூலியை நியாயமான கூலி என்று சொல்வது? அடையாறுக்குப் பக்கத்தில், நம் ஐ.ஐ.டி.யிலேயே, இந்த வேலைக்கு 'ஹோமோசெப்' என்று ஒரு ரோபோ செய்து 2022-ல் தமிழ்நாட்டில் களத்தில் இறக்கினார்கள். உறிஞ்சும் லாரிகள் எப்போதோ வந்துவிட்டன. ஆனாலும் அசோசியேஷன் மீட்டிங்கில், லாரிக்காரன் அதிகம் கேட்கிறான், அடியில் கெட்டியாகிவிட்டது, "கொஞ்சம் கூடக் குடுத்தா ஒருத்தர் இறங்குவார் சார், பழக்கமான ஆள்தான்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த மீட்டிங்குக்கு நீங்கள் வழக்கமாகப் போவதில்லை என்றால், இந்தத் தடவை போங்கள். லாரிக்கு 14420.