போல்ட்டின் கட்சி

ஜெர்மன் ஸ்பேனர் உசத்தியா, அமெரிக்க ஸ்பேனர் உசத்தியா என்ற வழக்கு மெக்கானிக்குகள் உள்ள மட்டும் தீராது போலிருக்கிறது. ஹாசெட், கெடோரே, ஸ்டால்வில்லே என்று ஒரு தரப்பு அடுக்கும். ஸ்னாப்-ஆன் என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு மறுதரப்பு அசராமல் நிற்கும். எஃகின் கடினம், குரோம் பூச்சு, ராட்செட்டில் எத்தனை பல், கைப்பிடியின் வளைவு, விலை என்று சாட்சியங்கள் குவிந்துகொண்டே போகும். தீர்ப்பு மட்டும் வராது. சாட்சியம் போதாததால் அப்படி ஆகிறது என்று நான் நினைக்கவில்லை. இரு தரப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக எண்ணிக்கொண்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. ஒரு பொருளின் தரம் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது அதை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் உள்ள நம்பிக்கையில் இருக்கிறதா என்பதுதான் அடியில் கிடக்கும் சிக்கல். இது தத்துவக்காரர்களின் பழைய சிக்கல். பட்டறையில் அதற்கு எண்ணெய்க்கறை படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜெர்மன் தரப்பு எங்கிருந்து பேசுகிறது என்பதை முதலில் பார்க்கலாம். ரெம்ஷைட், அதை ஒட்டிய வுப்பர்டால், இரண்டும் மேற்கு ஜெர்மனியின் மலைப்பகுதி ஊர்கள். ஓடைத் தண்ணீரின் விசையில் சம்மட்டிகளை ஓட்டி இரும்படித்த காலத்திலிருந்து கருவித் தொழில் அங்கே வேரூன்றியது. ஸ்டால்வில்லே 1862இல் வுப்பர்டால் பக்கத்திலும், ஹாசெட் 1868இலும் கெடோரே 1919இலும் ரெம்ஷைட்டிலும் தொடங்கின. இவர்கள் செய்யும் ஸ்பேனரின் தண்டில் பெரும்பாலும் ஒரு டின் எண் இருக்கும். வாயின் அகலம் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், எத்தனை விசைக்கு வளையாமல் தாங்க வேண்டும் என்பதையெல்லாம் வரையறுத்து வைத்திருக்கும் ஜெர்மன் தரநிர்ணயத்தின் எண் அது. தரம் என்பது கடைக்கு வரும் முன்பே முடிந்துவிட்ட விஷயம் என்பது இதன் உட்கிடை. குரோம்-வனேடியம் எஃகைக் காய்ச்சி அடித்து, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மறுபடி இதமாகச் சூடேற்றி அதன் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிப்பார்கள். கடினம் மிஞ்சினால் ஸ்பேனர் படாரென்று உடையும். குறைந்தால் வாய் விரிந்து கொடுக்கும். நடுவிலுள்ள அந்தக் குறுகலான இடத்தைப் பிடித்துவிட்டால், வாங்குகிறவர் யார், விற்கிறவர் யார் என்பதற்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அமெரிக்கத் தரப்பின் கதை வேறு. அங்கே மெக்கானிக் தன் கருவிகளைத் தன் காசிலேயே வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். ஜெர்மனியில் பொதுவாக முதலாளி வாங்கிப் போடுவார். இந்த ஒரு வேற்றுமை மற்றப் பல வேற்றுமைகளுக்கு விதை. 1920இல் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் தொடங்கிய ஸ்னாப்-ஆன், ஐந்து கைப்பிடிகளையும் பத்து சாக்கெட்டுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி ஐம்பது கருவிகளின் வேலையைச் செய்யலாம் என்று சொல்லி வியாபாரத்தை ஆரம்பித்தது. பின்னாளில் அதன் அடையாளமாகவே ஆகிவிட்டது வாரந்தோறும் பட்டறை வாசலுக்கு வரும் வேன். வேன்காரர் தவணையில் தருவார், உடைந்ததை மாற்றித் தருவார், மெக்கானிக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சியர்ஸ் என்ற கடை நிறுவனம் 1927இல் தனதாக்கிக்கொண்ட கிராஃப்ட்ஸ்மேன் பெயரின் பலமும் இதே வகைதான். கைக்கருவி எப்போது உடைந்தாலும் கடைக்குக் கொண்டுவா, கேள்வி கேட்காமல் புதியது தருகிறோம் என்றது சியர்ஸ். இங்கே தரம் என்பது வரப்போகும் நாளைப் பற்றிக் கொடுக்கப்பட்ட வாக்கு.

இரண்டில் எது சரியான எண்ணம்? வாக்கு என்ற எண்ணத்துக்கு மனித முகம் இருக்கிறது, அதனால் கவர்ச்சியும் இருக்கிறது. ஆனாலும் அதில் ஒரு ஓட்டை உண்டு. அதைப் பார்க்க ஸ்பேனரை விட்டுவிட்டு போல்ட்டைப் பார்க்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டின் தலைக்குப் பதின்மூன்று மில்லிமீட்டர் ஸ்பேனர். தலைமேல் நுழைய வேண்டுமென்றால் ஸ்பேனரின் வாய் மயிரிழை அகலமாக இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளி காரணமாகத் திருப்பத் தொடங்கியதும் ஸ்பேனர் சற்றே சாய்கிறது. அதன் தட்டையான பக்கம் போல்ட்டின் தட்டையான பக்கத்தில் முழுதாக உட்காருவதில்லை, மூலையை ஒட்டிய மெல்லிய கோட்டில் மட்டும் அழுத்துகிறது. கை கொடுக்கும் விசை முழுவதும் அந்தக் கோட்டின் தலையில்தான். துருவேறிய போல்ட்டாக இருந்து, ஸ்பேனரின் வாயும் நூலளவு விரிந்து கொடுத்துவிட்டால் மூலை மழுங்கிவிடும். இரண்டாம் முறை மாட்டும்போது இன்னும் மழுங்கும். மூன்றாம் முறை போல்ட் உருண்டையாகி, ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி சேசிஸில் போய் இடிக்கும். பிறகு உளி, வெல்டிங், டிரில் என்று அரை நாள் போய்விடும். ஆயுட்கால உத்தரவாதம் இந்த நஷ்டத்தில் எதை ஈடுசெய்கிறது? ஸ்பேனரை மட்டும். அதுவும் ஸ்பேனர் உடைந்திருந்தால்தான். பெரும்பாலும் அது உடைந்திருக்காது. பாதிக்கப்பட்டது போல்ட், கை, போன நேரம். போல்ட்டோடு யாரும் ஒப்பந்தம் போடவில்லை. வாக்கு என்பது விற்பவரின் நேர்மையைக் காட்டும், அது பெரிய குணம், மறுக்கவில்லை. கருவியின் குணம் அதுவல்ல. மாற்றித் தருகிறவர் நல்லவர் என்பதால் மாற்ற வேண்டிவந்த பொருள் நல்லதாகிவிடாது. அதனால் தரம் பொருளுக்குள்தான் இருந்தாக வேண்டும் என்ற ஜெர்மன் எண்ணத்தின் பக்கமே நான் சாய்கிறேன்.

எண்ணத்தின் பக்கம், நாட்டின் பக்கமல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம், போல்ட்டின் மூலைக்கு நேரும் இந்தக் கொடுமைக்குப் பெயர்பெற்ற வைத்தியத்தைக் கண்டது அமெரிக்கர்கள். 1960களில் ஸ்னாப்-ஆன் தன் சாக்கெட்டுகளின் உட்பக்க மூலைகளைச் சற்றே வாங்கலாக வளைத்தது. அழுத்தம் போல்ட்டின் மூலையை விட்டு விலகி, பக்கத்தின் உள்பகுதியில் போய் விழுந்தது. ஃபிளாங்க் டிரைவ் என்பது அதன் பெயர். இன்று ஸ்டால்வில்லே உட்பட எத்தனையோ ஜெர்மன் சாக்கெட்டுகளின் உள்வடிவம் இதே தத்துவத்தில்தான் இருக்கிறது. வேன்காரரின் வாக்கை முன்னிறுத்தி விற்ற கம்பெனிதான் பொருளுக்குள் இருக்கும் தரத்தையும் ஒரு படி உயர்த்தியிருக்கிறது.

நாட்டின் பெயர் ஒரு பயனுள்ள அடையாளம் இல்லையா என்று கேட்கலாம். ஒவ்வொரு ஸ்பேனரையும் சோதனைக்கூடத்தில் வளைத்துப் பார்த்தா வாங்க முடியும்? நம் தர்க்க நூல்கள் இதைக் கருதலளவை என்று ஏற்கும். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம், ஆனால் புகையும் நெருப்பும் பிரியாமல் சேர்ந்தே இருக்கும் என்ற நிபந்தனை உண்டு. நாட்டின் பெயரும் தரமும் அப்படிப் பிரியாமல் இருந்தனவா? 1876இல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போன ஜெர்மன் பொறியியலாளர் ஃபிரான்ஸ் ரோய்லோ, தன் நாட்டுச் சரக்கு மலிவு, மட்டம் என்று ஊருக்கே எழுதி அனுப்பினார். அமெரிக்க இயந்திரங்களைப் பாராட்டினார். ஜெர்மனியில் பெரிய ரகளையே ஆயிற்று. 1887இல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்து, இறக்குமதிச் சரக்கில் அது எந்த நாட்டில் செய்தது என்று போட வைத்தது. ஷெஃபீல்டுக் கத்தி என்ற பெயரில் விற்கப்பட்ட மலிவான ஜெர்மன் கத்திகளை மக்கள் அடையாளம் கண்டு ஒதுக்கட்டும் என்பது நோக்கம். 'மேட் இன் ஜெர்மனி' அவமானச் சின்னமாகப் பிறந்தது, ஒரு தலைமுறைக்குள் மரியாதையாக மாறிவிட்டது. மண் அதே மண்தான், மாறியது வேலை செய்த விதம். மறுதிசையிலும் இது நடந்திருக்கிறது. கிராஃப்ட்ஸ்மேன் கருவிகளை சியர்ஸ் ஒருநாளும் தானே செய்ததில்லை. பல அமெரிக்க ஆலைகள் செய்து கொடுத்தன. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தக் கருவிகளில் பல ஆசியாவிலிருந்து வரத் தொடங்கின, 2017இல் பெயரே ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருக்கு விற்கப்பட்டது. பெயர் அதே பெயர், செய்த ஆலை வேறு. ஜெர்மன் நிறுவனங்கள் சிலவும் தங்கள் மலிவு வரிசைகளை வெளிநாட்டில் செய்விக்கின்றன. புகை ஒரு பக்கமும் நெருப்பு ஒரு பக்கமுமாகப் போன பிறகு அந்த ஊகத்தை எவ்வளவு தூரம் நம்புவது?

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பொருளுக்குள் தரம் என்று ஒன்று தனியாக இருக்கவே முடியாது, பயன்படுத்துகிறவருக்குத்தான் அது தரம் என்பது. பிளேட்டோ 'குடியரசு' நூலின் கடைசிப் பகுதியில் இதற்கு ஏறக்குறைய இடம் தருகிறார். குழல் நல்லதா இல்லையா என்று செய்தவருக்குத் தெரியாது, வாசிப்பவருக்குத்தான் தெரியும், அவர் சொல்லித்தான் செய்பவர் திருத்துவார் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிகிறவர் பயனாளி என்பதால் ஆக்குகிறவரும் அவரே என்றாகிவிடாது. ராபர்ட் பிர்சிக் 1974இல் எழுதிய மோட்டார் சைக்கிள் நூலில் இதற்குத் தோதான ஒரு இடம் உண்டு. நண்பரின் பிஎம்டபிள்யூ வண்டியில் ஹேண்டில்பார் பிடிமானமின்றி நழுவுகிறது. பீர் கேனை வெட்டி அந்த அலுமினியத் தகட்டைச் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. மென்மையான தகடு, துருவும் பிடிக்காது. நண்பருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ஜெர்மன் வண்டிக்குப் பீர் கேனா! கேனில் அச்சடித்திருந்ததை அழித்துவிட்டு ஜெர்மனியிலிருந்து வரவழைத்த தகடு என்று சொல்லியிருக்கலாமோ என்று கதைசொல்லி பிறகு யோசிக்கிறார். சொல்லியிருந்தால் நண்பரின் மனம் மாறியிருக்கும். தகட்டின் கனமோ மென்மையோ மாறியிருக்காது. ஹேண்டில்பார் எந்தப் பெயரையும் படிக்காமலேயே இறுகியிருக்கும். போல்ட்டும் அப்படித்தான் தீர்ப்பு சொல்கிறது.

கடைசியாக, வாக்கின் கட்சிக்காரர்கள் ஒன்று சொல்லக்கூடும்: எஃகு எதுவானாலும் தேயும், தேயும் பொருளின் தரத்தை வாங்கிய நாளோடு முடிந்ததாக எண்ணுவது மாயை. இதில் உண்மை இருக்கிறது, ஜெர்மன் தரப்பும் இதை அறிந்தே இருக்கிறது. டார்க் ரெஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரம், பத்து நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட பெரும்பாலான ரெஞ்சுகளுக்கு அதிகபட்சம் 4 சதவீதப் பிழையை அனுமதிக்கிறது. கூடவே, வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில் பன்னிரண்டு மாதத்திலோ சுமார் 5,000 முறை உபயோகித்த பிறகோ மறுபடி சரிபார்க்கச் சொல்கிறது. பொருளுக்குள் இருக்கும் தரத்துக்குக் கெடுவும் குறித்தாயிற்று. ஆனால் அந்தக் கெடு வந்ததும் செய்ய வேண்டியது புது ரெஞ்சு கேட்டு வேனுக்காகக் காத்திருப்பதல்ல. இருப்பதை அளவுகருவியில் மாட்டி, எத்தனை சதவீதம் விலகியிருக்கிறது என்று பார்ப்பது. வுப்பர்டாலில் செய்ததோ விஸ்கான்சினில் செய்ததோ, இரண்டும் அந்த ஒரே அளவுகருவியில்தான் ஏற வேண்டும்.