வறுமைக்குச் சாட்சி கேட்கலாமா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு இன்னொரு வேலை தொடங்கிவிடும். மேலே படிக்க வசதியில்லாத பிள்ளைகளை உட்காரவைத்து, அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதவைப்பது. கோடு போட்ட முழுத்தாளில் ஒரு மாணவி எழுதிக்கொண்டிருப்பாள்: வாங்கிய மதிப்பெண், சேர விரும்பும் படிப்பு, கல்லூரியின் பெயர். எட்டிப் பார்க்கும் ஆசிரியர், "இதெல்லாம் எல்லாரும் எழுதுவாங்கம்மா. வீட்டு நிலைமையைக் கொஞ்சம் உருக்கமா எழுது" என்பார். அவர் கெட்டவர் அல்லர். எந்தக் கடிதத்துக்குப் பதில் வரும், எதற்கு வராது என்பதைப் பல வருடமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டவர். மாணவி தாளைத் திருப்பிப் போட்டு, அப்பாவின் குடியிலிருந்து மறுபடி தொடங்குவாள்.

அந்தத் தாளின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஓர் அறக்கேள்வி இருக்கிறது. படிக்க உதவி கேட்டு வரும் பிள்ளையிடம் வறுமைக்குச் சாட்சி கேட்கும் உரிமை கொடுப்பவருக்கு உண்டா? உண்டென்றால், எதுவரை?

முதலில் கொடுப்பவர் பக்க நியாயத்தைப் பார்த்துவிட வேண்டும். அது வலுவானது. பணம் அளவானது, கேட்பவர்கள் அதிகம். பத்துப் பேருக்குப் போதுமான தொகைக்கு நூறு பேர் நிற்கும் இடத்தில், தேவையில்லாத ஒருவர் வாங்கிப் போனால் தேவைப்பட்ட ஒருவர் வெறுங்கையோடு திரும்புகிறார். திரும்பியவரின் முகம் யாருக்கும் தெரியாது. அவருக்காகவும்தான் கொடுப்பவர் விசாரிக்கிறார். அரசுப் பணமென்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருப்பது இந்தக் கணக்கில்தான். விசாரிப்பதே அவமதிப்பு என்று சொல்லிவிட்டால், இல்லாதவனின் பங்கை இருப்பவன் தின்ன வழி திறந்துவிட்டதாக ஆகும்.

ஆனால் கேட்கப்படும் சாட்சி எதை அளக்கிறது என்று பார்த்தால்தான் சிக்கல் தெரியும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அது நகர்கிறது. மாதச் சம்பளக்காரரின் வருமானம் சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்கிறது. ஒரு ரூபாயைக்கூட மறைக்க முடியாது. வரம்புக்கு ஆயிரம் ரூபாய் மேலே போனாலும் அவர் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் கட்டட வேலை, மழைக்காலத்தில் அதுவும் இல்லை என்று வாழ்பவரின் வருமானம் எந்தச் சீட்டிலும் இல்லை. அதிகாரி குத்துமதிப்பாக எழுதும் எண்தான். நன்றாக ஓடும் கடையின் முதலாளிக்கும் சம்பளச் சீட்டு கிடையாது, அவருக்கும் குத்துமதிப்புதான். ஆக, இந்தக் காகிதம் வறுமையை நேராக அளப்பதில்லை. வருமானத்தை எவ்வளவு தூரம் மறைக்க முடியும், எவ்வளவு தூரம் காட்ட முடியும் என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

காகிதத்தில் நம்பிக்கை போய்விடுவதால்தான் கண்ணால் பார்க்கக் கிளம்புகிறார்கள். நேர்காணல் வைக்கிறார்கள், வீட்டுக்கே வருகிறார்கள், வீட்டின் படம் கேட்கிறார்கள். ஓட்டு வீடா, காங்கிரீட் வீடா? அந்தக் காங்கிரீட் கூரை அரசுத் திட்டத்தில் வந்ததாக இருக்கலாம். மூலையில் இருக்கும் டிவி தேர்தல் வாக்குறுதியில் வந்ததாக இருக்கலாம். கையில் இருக்கும் செல்போன், பாடம் படிக்கத் தவணையில் வாங்கியதாக இருக்கலாம். இருந்தாலும், ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தால் செல்போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. உயர்கல்வியின் வாசலில் அதற்குக் கிடைக்கும் முதல் பாடம் அதுதான்.

நேர்காணல் அறையில் நடக்கக்கூடிய ஒன்றையும் எண்ணிப் பார்க்கலாம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "அப்பா என்னம்மா பண்றார்?" "இல்லைங்க சார்." இதோடு நிறுத்தியிருக்கலாம், குடும்பத்தின் நிலை தெரிந்துவிட்டது. "எப்படித் தவறினார்?" என்று அடுத்த கேள்வி வருகிறது. அதற்கான பதில், தொகையைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. அது தற்கொலையாக இருக்கலாம், குடியாக இருக்கலாம், வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஏதோவொன்றாக இருக்கலாம். அந்தக் கேள்வி கேட்பவரின் ஆர்வத்திலிருந்து வருகிறது. அதன் விலையைக் கொடுப்பவள் எதிரே நிற்கும் பதினேழு வயதுப் பெண்.

இந்த முறையில் அவமானத்தோடு அநியாயமும் சேர்ந்திருக்கிறது. உருக்கமாகப் பேசத் தெரிந்தவருக்கு உதவி போகிறது. "எங்களுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லைங்க, ஃபீஸ் கட்டத்தான் முடியல" என்று தலை நிமிர்ந்து சொல்கிற பிள்ளை பட்டியலில் கீழே இறங்குகிறது. பட்டினியை வெளியே சொல்லாமல் வளர்த்த தாய், தன் பிள்ளையைத் தோற்கவைத்தவள் ஆகிறாள். வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரமும், அதையடுத்து 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரமும் வைத்தார். கேட்க வேண்டி வருவதும் வாழ்க்கை, கேட்க நாவு கூசுவதும் வாழ்க்கை என்று தெரிந்தவர் செய்த வரிசை அது. கூசாதவரை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு, தேவையைக் கண்டுபிடிப்பதற்காகவே வந்தது; கடைசியில் அதையே தவறவிடுகிறது.

அடுத்தது மேடை. ஆளுயரக் காசோலை அட்டை, அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லப்பட்ட மாணவன், பின்னால் பேனர். இதற்கும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: படத்தைப் பார்த்து இன்னும் நாலு பேர் கொடுக்க முன்வருவார்கள், கொடுத்தவர்களுக்குக் கணக்கும் காட்டியாக வேண்டும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் கணக்கைக் காட்ட வரவு செலவு அறிக்கை போதும். அதற்கு முகம் தேவையில்லை. நாலு பேரைத் தூண்ட, படித்து முடித்து வேலைக்குப் போன ஒருவர் தானாக வந்து பேசினால் அதைவிட வலுவான சாட்சி இல்லை. பதினேழு வயதில் எடுத்த படம் இணையத்தில் தங்கிவிடுகிறது. பத்து வருடம் கழித்து உடன் வேலை செய்பவர் அதைத் தேடி எடுக்க முடியும். அன்றைக்கு 'சரி' என்று தலையாட்டியது சம்மதம் ஆகாது. மறுத்தால் பணம் போய்விடுமோ என்ற பயத்தில் வந்த தலையாட்டல் அது.

பார்த்துக் கொடுப்பதா, பாராமல் கொடுப்பதா என்ற கேள்விக்குத் தமிழில் பழைய வழக்கு ஒன்று உண்டு. புலவர் பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடிப் போகிறார். அரசன் அவரை நேரில் பார்க்காமல் பரிசை மட்டும் அனுப்பிவைக்கிறான். புலவர் வாங்க மறுத்துவிடுகிறார். புறநானூற்றில் அந்தப் பாட்டு இருக்கிறது. முகம் பார்க்காமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனால் தான் வியாபாரி ஆகிவிடுவேன் என்பது அவர் வாதம். தன் கல்வியின் அளவு அறிந்து தந்தால் கொஞ்சமாக இருந்தாலும் போதும் என்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது மேடைக்காரர்களுக்குச் சாதகமான சாட்சி போலத் தோன்றும்: வாங்குபவரே பார்க்கச் சொல்கிறாரே! ஆனால் அவர் பார்க்கச் சொன்னது எதை? தன் புலமையை. கிழிந்த ஆடையை அல்ல. பசியோடு வந்தவர்தான் அவரும். பசியைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் கல்வியைக் கூப்பிட்டார்.

இந்த இடத்தில் கேள்வி தெளிவாகிறது. கொடுப்பவர் பார்க்கலாமா, கூடாதா என்பதைவிட எதைப் பார்க்கிறார் என்பதே முக்கியம்.

1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் கணித மேதை ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. அப்போது அவர் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர். பட்டமே இல்லாதவர். அவரிடம் பல்கலைக்கழகம் கேட்டது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்த வேலையைப் பற்றி ஓர் அறிக்கை. உதவி கொடுத்தவர்கள் அவருடைய கணக்கைப் பார்த்தார்கள். அதற்குச் சுமார் எட்டு ஆண்டுகளுக்கு முன் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் அவருக்கு உதவித்தொகை இருந்தது. கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாமல் ஆங்கிலத்தில் தவறியதால் அது பறிபோனது. அந்த நிபந்தனை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. படிப்புக்குக் கொடுத்த பணத்துக்குப் படிப்பைத்தான் கேட்டது. ஆனால் தேர்ச்சிப் பட்டியலைப் பார்த்த கண் ஆளைப் பார்க்கவில்லை. சரியான பொருளைக் கேட்டாலும் ஒரே கோலால் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். ஒரு பருவத்தில் இரண்டு பாடம் அரியர் விழுந்ததும் தொகையை நிறுத்திவிடும் இன்றைய விதிகளும் அந்தக் கும்பகோணத்து விதியின் பிள்ளைகள்தான். நிறுத்தும் முன், ஏன் விழுந்தது என்று ஒரு முறையாவது கேட்டால், அந்தக் கேள்வியில் அவமதிப்பு இல்லை, அக்கறைதான் இருக்கிறது.

நன்றிக்கடன் என்ற பெயரில் பின்னால் வரும் கேள்விகளும் உண்டு. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவியில் 1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். படித்து வந்தபின் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். பெருந்தன்மையான உதவி, நியாயமாகத் தோன்றும் நிபந்தனை. 1917இல் வேலையில் சேரவும் செய்தார். தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை, அலுவலகத்தில் தீண்டாமை. ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கடனை அவர் மறந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கடனைத் தீர்க்கவிடாமல் அடித்தது சமூகம். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தபோது, அவருடைய முயற்சியில் 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை தொடங்கியது. பரோடாவுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாததை அவர் யாருக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று பார்த்தால், நன்றி எந்தத் திசையில் பாய வேண்டும் என்பது புரியும். அது வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதில்லை.

சாட்சி கேட்காமலே கொடுக்க முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டிலும் வருமானத்தை யாரும் கேட்பதில்லை. படித்த பள்ளிதான் சாட்சி. ஆயிரம் ரூபாய் கல்லூரிக் கட்டணத்தை அடைத்துவிடாது. ஆனால் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம். பணம் ஏறும் நாளில் செல்போனில் வரும் வங்கிக் குறுஞ்செய்தி, எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் அதே நேரத்தில் வருகிறது. வாங்குவது வெட்கப்படும் காரியம் இல்லை என்று ஆக்குவது அந்தப் பொதுத்தன்மைதான். பள்ளியில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட சத்துணவுக்கும் அதே குணம் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த ஓரளவு வசதியான வீட்டுப் பெண்ணுக்கும் அந்த ஆயிரம் போகிறது. நகையை அடகு வைத்து மகளைச் சின்னத் தனியார் பள்ளியில் சேர்த்த கூலித் தொழிலாளிக்கு அது போவதில்லை. அவருடைய ஆசையே அவர் பிள்ளைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பெரிய தொகையைக் கொடுக்க வேண்டிய இடத்தில், தனியார் அறக்கட்டளையின் சிறிய நிதியில், இந்த அகலமான வழி கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. அங்கே விசாரணை தேவைதான். எனவே சாட்சியே வேண்டாம் என்பது விடையாகாது. கேட்பதற்கு வரம்பு வேண்டும் என்பதே விடை.

அந்த வரம்பு எது? முடிவை மாற்றக்கூடியதை மட்டும் கேட்பது. அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலைப் பிள்ளையின் வாயிலிருந்து வரவழைக்காமல் இருப்பது. ஒரு முறை சொன்னதை மறுமுறை சொல்லவைக்காமல் இருப்பது. வீட்டு நிலையை ஆசிரியரிடமோ காகிதத்திலோ தெரிந்துகொண்டு, நேர்காணலைப் படிப்புக்கு விட்டுவிடுவது. தொகையை மேடையில் தராமல் கல்லூரிக் கட்டணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்பு தருவது. இவற்றில் எதுவும் கொடுப்பவருக்குக் கூடுதல் செலவு வைப்பதில்லை. அவர் இழப்பது ஒன்றுதான்: எதிரே ஒருவர் கண்கலங்கி நிற்பதைப் பார்க்கும் திருப்தி. அந்தத் திருப்திக்காகத்தான் கொடுத்தேன் என்று ஒருவர் சொன்னால், பெருஞ்சித்திரனார் தன்மீது விழ அஞ்சிய வியாபாரி என்ற பெயர் இந்தப் பக்கம் வந்து சேர்கிறது.

அந்த மாணவியின் தாளுக்குத் திரும்பலாம். பின்பக்கத்தில் அவள் எழுதியது முழுக்க நிஜம். எழுதவேண்டிய தேவைதான் இல்லாதது. விண்ணப்பத்தில் 'என்ன படிக்கப் போகிறாய், ஏன்?' என்று ஒரு கேள்வி முதலில் இருந்திருந்தால், முன்பக்கத்தில் பாதியில் விட்ட வரியிலிருந்தே அவள் தொடர்ந்திருப்பாள். ஆசிரியரும் எட்டிப் பார்த்துவிட்டு, எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்திருப்பார்.