வெறும் கிராஃப் என்று ஒன்று உண்டா?

ராமானுஜர் 1017-இல் பிறந்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் சாலையைப் பிடித்தால் ஒரகடம். இங்கே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. ஷாஃப்ட் விட்டத்தின் அளவுகளை வாங்கி, பைத்தானில் கிராஃப் போட்டு லைனுக்குக் கொடுப்பேன். ராமானுஜருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறைய.

விசேஷணமே இல்லாத வெறும் பொருளை யாரும் எந்த வழியிலும் அறிந்ததில்லை என்று ஸ்ரீபாஷ்யத்தில் விடாப்பிடியாக வாதாடுகிறார். முதல் பார்வையிலேயே பொருள் ஏதோ ஒரு குணத்தோடுதான் வந்து நிற்கிறது. அத்வைதத்தின் நிர்விசேஷப் பிரம்மத்தை மறுக்க எழுந்த வாதம் அது. பிரம்மத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? கிராஃப் விஷயத்தில் அவர் பக்கம்தான்.

"வேற எதுவும் வேணாம் சார், டேட்டாவை அப்படியே காட்டுங்க" என்பார்கள் லைனில். அப்படியே காட்ட வழியில்லை. அச்சு எங்கே தொடங்குவது, கட்டம் எத்தனை, நிறம் என்ன என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். நாம் செய்யாவிட்டால் மென்பொருள் எழுதியவர் செய்து வைத்திருப்பார். நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர் 2003-இல் வெளியிட்ட மேட்பிளாட்லிப் நூலகத்தில் ஹிஸ்டோகிராம் கேட்டால், வாய் திறக்காமல் 10 கட்டமாகப் பிரித்துத் தரும். ஹாட்லி விக்கமின் ஜிஜிபிளாட்2 நூலகம் எடுப்பது 30. ஆனால் எடுத்ததைச் சொல்லிவிட்டு, பொருத்தமான அகலத்தை நீங்களே கொடுங்கள் என்று ஒரு வரியும் போடும். புதியவர்களுக்கு அது தொந்தரவு. எனக்கு அந்த நூலகத்தில் பிடித்ததே அந்த வரிதான்.

20 மி.மீ. ஷாஃப்ட், டாலரன்ஸ் இருபுறமும் 10 மைக்ரான். ஒரு ஷிப்ட் முழுக்க அளவு 2 மைக்ரானுக்குள்தான் ஆடியது. மேட்பிளாட்லிப் தானாகவே அச்சைச் சுருக்கி, அந்த இரண்டு மைக்ரானையும் திரை நிறைய மலையும் மடுவுமாக விரித்துவிட்டது. லைனை நிறுத்தப் போய்விட்டார் சூப்பர்வைசர். கிராஃப் பொய் சொன்னதா? சிப்பியில் வெள்ளி தெரிந்தால், வெள்ளியின் அம்சம் அதில் சிறிது இருப்பதால்தான் தெரிகிறது என்பது ராமானுஜர் தரப்பு. பார்த்தது மெய், பார்க்காமல் விட்டதில்தான் பிசகு. அந்த ஏற்ற இறக்கமும் ஷாஃப்டில் இருந்ததே. திரையில் விடுபட்டது டாலரன்ஸ் கோடு.

'ஜெட்' என்ற பழைய வண்ணத் தொகுப்புக்கு மட்டும் இந்தச் சமாதானம் செல்லாது. அதன் மஞ்சள் பட்டை பளிச்சென்று அடிப்பதால், அளவில் இல்லாத விளிம்பு கண்ணுக்குத் தெரியும். மேட்பிளாட்லிப்பின் 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில், இயல்புத் தொகுப்பாக இருந்த அதை இறக்கிவிட்டு விரிடிஸ் என்ற தொகுப்பை வைத்தார்கள். நல்ல காரியம்.

கையுறையோடு நிற்பவரிடம் பத்துக் கேள்வி கேட்க முடியாது. அதனால் நான் எழுதிய நிரலுக்குப் பாகத்தின் எண் ஒன்று போதும். அந்தப் பாகத்தின் பொறியியல் வரைபடத்தில் உள்ள டாலரன்ஸை அது தானே எடுத்துக் கோடு போடும். கீழே தமிழில் ஒரு வரி: கட்டம் 1 மைக்ரான், அச்சு டாலரன்ஸ் அளவுக்கு. "யார் சார் அதைப் படிக்கப் போறா?" என்று சிரித்தார்கள். பயிற்சிக்கு வந்த ஒரு பெண் படித்தார். "அரை மைக்ரான் வச்சா என்ன சார் ஆகும்?" வைத்தோம். ஒரே மேடாக இருந்தது இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு ஸ்பிண்டிலுடையது.

பிறகு அவரே இன்னொன்றும் கேட்டார்: எந்த ஷாஃப்டை எடுத்து அளப்பது என்று முடிவு செய்வது யார், அது ஏன் அந்த வரியில் இல்லை? கேஜ் பக்கத்தில் நிற்பவர் கைக்கு வந்ததை எடுக்கிறார். அதை எந்த நிரலில் எழுதுவது?