கடன் தீர்ந்தும் தீராத பயம்

பத்மாவதித் தாயாரை மணக்க, குபேரனிடம் கடன் வாங்கினார் திருவேங்கடமுடையான் என்கிறது தலபுராணம். இன்றும் வட்டி கட்டி வருவதாக ஐதீகம். தெலுங்கு பக்தர்கள் அவரை ‘வட்டிகாசுலவாடு’ என்றே உரிமையோடு அழைக்கிறார்கள். ஊரறிந்த கடன், ஆனால், அவர் பெருமை குறைந்ததா?

நம்மில் பலருக்கோ, சிறுவயதில் கடன்காரர் வாசலில் நின்று கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. கடன் என்றோ அடைந்துவிட்டது. ஆனாலும் ஒரு புடவை எடுக்கக் கை நடுங்குகிறது. பிள்ளை ஏதாவது கேட்டால் கோபம் வருகிறது.

அது கஞ்சத்தனம் அல்ல, பழைய பயம். காசில்லாமல் போனது குடும்பத்துக்கு வந்த கஷ்டம். குழந்தையாக இருந்த உங்கள் குற்றமா அது? மறைக்க மறைக்கத்தான் அவமானம் வளரும். சனிக்கிழமை பெருமாளுக்கு விளக்கேற்றியபின், அந்தக் கதையை வீட்டாரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனபாரம் குறையத் தொடங்கும்.