வடிதுணியும் வழிப்பயணமும்



சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல்கள் புறப்படத் தொடங்கிய 2022ஆம் ஆண்டுக்குப் பின், கடற்பயணம் என்பது நம் சமுதாயக் குடும்பங்களிலும் பேசப்படும் பொருளாகிவிட்டது. அண்மையில் என் உறவினர் குடும்பத்தார் நால்வர் அத்தகைய மூன்று நாட் பயணம் ஒன்றிற்கு ஆயத்தம் செய்தனர். புறப்படுமுன் அவ்வீட்டு மருமகள் என்னிடம் ஓர் ஐயம் கேட்டாள்: “பெரியம்மா, வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரக் கூடாது என்று கப்பல்காரர்கள் சொல்கிறார்கள். நாமோ வடிகட்டிய நீரையே அருந்துபவர்கள். வீட்டுத் தண்ணீரை எப்படியாவது எடுத்துச் செல்வதா? அல்லது அங்குள்ள தண்ணீரைக் குடித்துவிட்டு விரதம் கெட்டது என்று வருந்துவதா?”

எளிய கேள்விதான். ஆயினும் உடனே விடை கூற என்னால் இயலவில்லை. “நம் தண்ணீர்” என்று அவள் சொன்ன சொல், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழையை நினைவூட்டியது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

கடற்பயணத்தில் சொந்தத் தண்ணீரைக் கொண்டு சென்றவர்களுள் புகழ்பெற்றவர் ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் மாதோ சிங். 1902ஆம் ஆண்டில் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு அவர் இலண்டன் சென்றார். அதற்கென ‘ஒலிம்பியா’ என்னும் கப்பலை அமர்த்தி, ஆளுயர வெள்ளிக் குடங்களில் கங்கை நீரை நிரப்பி எடுத்துச் சென்றார். ஒவ்வொரு குடமும் ஏறத்தாழ 345 கிலோ எடையுடையது. அவற்றுள் இரண்டை ஜெய்ப்பூர் நகர அரண்மனையில் இன்றும் காணலாம். மன்னர் வைணவ நெறியினர். கங்கை நீரின் புனிதத்தில் அவருக்கிருந்த பற்றினை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அவர் நீரைச் சுமந்த நோக்கமும், நாம் நீரை வடிகட்டும் நோக்கமும் ஒன்றல்ல. அயல்நாட்டு நீரால் தம் தூய்மை குன்றிவிடலாகாது என்பது அவர் கவலை. நம் நீரொழுக்கமோ அருந்துபவரின் தூய்மையைக் காப்பதற்காக எழுந்ததன்று; அருந்துபவரிடமிருந்து நீர்வாழ் உயிர்களைக் காப்பதற்காக எழுந்தது. இவ்வேறுபாட்டை மறந்தால் ஒழுக்கம் வெறும் ஆசாரமாகிவிடும்.

நீரே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உள. அந்நீரில் உறையும் நுண்ணிய இயங்குயிர்களும் உள என்பது ஜிநவாணி. ஹாலந்து நாட்டின் டெல்ப்ட் நகரில் துணி வணிகராயிருந்த லீவன்ஹூக் என்பவர் தம் உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே நீர்த்துளியில் நெளியும் உயிர்களைக் கண்டு, இலண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதியது 1676ஆம் ஆண்டில்தான். அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, பதின்மூன்றாம் நூற்றாண்டினரான ஆசாதரர், தம் சாகார தர்மாமிர்தத்தில் நீரை வடிகட்டிப் பருகுதலை இல்லறத்தாரின் மூலகுணங்களுள் ஒன்றாக எடுத்துரைத்தார்.

வடிகட்டும் முறையிலும் நுட்பம் உண்டு. நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை இரண்டாக மடித்து, பாத்திரத்தின் வாய்மேல் இட்டு, நீரை மெல்ல வார்க்க வேண்டும். அத்துடன் கடமை முடிந்துவிடுவதில்லை. துணியில் தங்கிய உயிர்களை, வடித்த நீரைக் கொண்டே அலசி, எந்தக் கிணற்றிலிருந்து நீரை முகந்தோமோ அந்தக் கிணற்றிலேயே சேர்த்தல் வேண்டும். இதனையே ‘ஜீவானி’ என்பர். குளத்து உயிரைக் கிணற்றில் விடலாகாது. கிணற்று உயிரை ஆற்றில் விடலாகாது. அதனதன் இருப்பிடத்தில் அதனதனை விடுதலே முறை. வடிகட்டுதல் பாதி அறம் என்றால், திருப்பிச் சேர்த்தல் மறுபாதி. இன்று நம் இல்லங்களில் முதற்பாதி ஓரளவு எஞ்சியிருக்கிறது. மறுபாதி பெரிதும் மறைந்துவிட்டது.

அந்த எளிய துணி அருந்துபவருக்கும் நன்மை செய்யும் என்பதை அறிவியலும் காட்டியுள்ளது. வங்காளதேச நாட்டின் மத்லாப் பகுதிச் சிற்றூர்களில், பழைய சேலைத் துணியை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து நீரை வடிகட்டச் செய்து, அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். காலரா நோய் 48 விழுக்காடு குறைந்தது என்று 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காலராக் கிருமிகள் ஒட்டி வாழும் சிறு மிதவை உயிர்களை அத்துணி தடுத்து நிறுத்தியதே காரணம். கருணையால் செய்த செயல் செய்தவனையும் காத்தது என்று நாம் மகிழலாம். ஆயினும் அம்மகிழ்ச்சி நம் நோக்கத்தை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி என் பிழையைக் கூறுகிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்து, தா.பழூரை அடுத்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் பணியேற்ற புதிது. கும்பகோணத்துச் சந்திரப்பிரப பகவானின் ஜிநாலயத்திற்குச் செல்ல வேண்டுமெனில், மதனத்தூர்த் துறையில் கொள்ளிடத்தைக் கடந்து நீலத்தநல்லூர்க் கரையேற வேண்டும். இன்றுள்ள பாலம் அன்று இல்லை. நீர் பெருகிய காலங்களில் ஓடம். வற்றிய காலங்களில் மணல்வெளி நடை. சுற்றிலும் ஆறு பெருகியோட, கையில் வீட்டு நீர் நிறைந்த செம்புடன் ஓடத்தில் அமர்ந்திருப்பேன். அச்செம்பு பள்ளிக்கும் என்னுடன் வரும். பிள்ளைகளைச் சேர்க்க வீடுவீடாகச் செல்லும்போதும் வரும்.

ஓர் ஆண்டு சூன் மாதத்தில், ஊரின் கடைக்கோடியிலிருந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடிசைக்குச் சென்றேன். கொளுத்தும் வெயில். அவ்வீட்டு அம்மாள் பளபளவெனத் துலக்கிய சொம்பில் நீர் கொணர்ந்து நீட்டினார். “வேண்டாம், நான் வீட்டுத் தண்ணீர்தான் குடிப்பேன்” என்று சொல்லி, என் செம்பைத் திறந்து அவர் எதிரிலேயே பருகினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நீரை உள்ளே கொண்டுபோய் வைத்தார். மறுநாள் அவர் மகன் வகுப்பில் என்னருகே வந்து, “டீச்சர், எங்க வூட்டுத் தண்ணிய ஏன் குடிக்கல?” என்று மெல்லக் கேட்டான்.

அச்சிறுவனின் கேள்வியில் ஒரு நாட்டின் வரலாறே அடங்கியிருந்தது. இரயில் நிலையங்களில் இந்துக்களுக்கு ஒரு பானை, முசுலிம்களுக்கு ஒரு பானை என்று வைத்திருந்த நாடு இது. பொதுக்குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருகும் உரிமைக்காக, 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரத்துச் சவுதார்க் குளத்திற்கு மக்களைத் திரட்டிச் செல்ல நேர்ந்த நாடு இது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்ததை நம் ஊர்ப்புறங்களும் அறியும். அத்தகைய நாட்டில், “உங்கள் வீட்டு நீர் வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அதனை எவ்வாறு பொருள் கொள்வார்? என் உள்ளத்தில் ஜீவதயை இருந்தது. என் சொல்லில் இருந்ததோ வேறொன்று. நுண்ணுயிரைப் புண்படுத்தலாகாது என்று எண்ணிய நான், ஆறறிவுடைய ஒரு தாயைப் புண்படுத்தினேன். அகிம்சை மனம், மொழி, மெய் மூன்றினாலும் காக்கத்தக்கது அன்றோ?

அடுத்த ஞாயிறன்று மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றேன். இம்முறை செம்பைக் கொண்டு செல்லவில்லை. மடித்த வெள்ளைத் துணி ஒன்றையே எடுத்துச் சென்றேன். நானே தண்ணீர் கேட்டேன். அவர் முன்னிலையில் வடிகட்டி அருந்தினேன். துணியை அலசிய நீரை எந்தக் கிணற்றிலிருந்து முகந்தார்களோ அதிலேயே விடவேண்டும் என்று கூறி, காரணத்தையும் விளக்கினேன். அந்த அம்மாள் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “அப்ப, எங்க கெணத்துப் புழுவுக்காகவா அன்னிக்குக் குடிக்காம போனீங்க?” என்று சொல்லிச் சிரித்தார். பின்பு அலசிய நீரைத் தாமே வாளியில் வாங்கி, கயிற்றை மெல்ல மெல்ல இறக்கி, கிணற்றுநீரைத் தொட்டபின் வாளியைச் சாய்த்தார். மேலிருந்து கொட்டினால் அவ்வுயிர்கள் அடிபடும் என்று நான் சொல்லவே இல்லை, அவராகவே உணர்ந்தார். ஜீவானியை அத்துணைக் கனிவுடன் வேறு எவரும் செய்ய நான் கண்டதில்லை.

அன்று நான் கற்ற பாடம் இதுவே: வழிப்பயணத்தில் தண்ணீரைச் சுமப்பதினும் வடிதுணியைச் சுமப்பதே மேல். செம்புநீர் என்னைப் பிறரிடமிருந்து பிரித்தது. துணியோ அவரது நீரையே ஏற்கச் செய்தது.

நம் ஆசார விதியும் இதற்கு இசைந்ததே. வடிகட்டிய நீர் ஒரு முகூர்த்தம், அதாவது 2 நாழிகை அல்லது 48 நிமிடமே, வடிகட்டிய நீராகக் கொள்ளப்படும். அதன்பின் மீண்டும் வடிகட்ட வேண்டும். கிராம்பு போன்றவை இட்டுப் பதமாக்கிய நீருக்கு 6 மணி நேரம். கொதிக்கவைத்து ஆற்றிய நீருக்கு 24 மணி நேரம் என்பது வரம்பு. அங்ஙனமாயின் மூன்று நாட்களுக்கென வீட்டிலிருந்து புட்டிகளில் அடைத்துச் செல்லும் நீர், துறைமுகத்தைச் சேருமுன்பே விதியின் எல்லையைக் கடந்துவிடும். கொதிநீராயினும் முதல் நாளோடு சரி. நால்வருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு இரண்டரை லிட்டர் எனக் கொண்டால், மூன்று நாட்களுக்கு 30 லிட்டர் நீரைச் சுமக்க வேண்டும். அத்தனையும் சுமந்து சென்றாலும் விரதம் நிறைவேறாது. ‘நம் வீட்டுத் தண்ணீர்’ என்னும் பற்று மட்டுமே நிறைவேறும்.

மேலும், நம் தண்ணீர் என்பதுதான் யாது? தா.பழூர்ப் பக்கம் ஓடும் கொள்ளிடத்து நீர், 1836ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கீழணையில் தேங்கி, வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை அடைகிறது. அங்கிருந்து 2004ஆம் ஆண்டு முதல் குழாய்களில் சென்னைக்குச் செல்கிறது. சென்னையில் உள்ளவர் ‘மாநகரத் தண்ணீர்’ என்று அருந்துவதில் எங்கள் ஊர் ஆறும் கலந்திருக்கிறது. நீருக்கு ஊரில்லை, குலமில்லை.

இனிக் கப்பலில் உள்ள நீரைப் பற்றிச் சிந்திப்போம். பெருங்கப்பல்கள் துறைமுகங்களில் நீரை ஏற்றிக்கொள்வதோடு, கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, நுண்சவ்வுகளின் வழியே அழுத்தி உப்பை நீக்கியோ நன்னீராக்குகின்றன. குளோரின் சேர்த்துக் குழாய்களில் விடுகின்றன. அருந்துபவரின் உடல்நலத்திற்கு அது போதுமானது. அந்நீரை வடிதுணியில் வார்த்து, வெந்நீராகக் கேட்டுப் பெற்று, பகற்பொழுதில் அருந்தினால், இயன்ற அளவு ஒழுக்கம் காத்தவராவோம்.

ஆனால் மறுபாதி அறத்திற்கு அங்கே வழியில்லை. கடல்நீரை உறிஞ்சும் பொறியில் சிதையும் மிதவை உயிர்களை எவர் திருப்பிச் சேர்ப்பார்? கிணற்றடியில் வாளியை மெல்ல இறக்கிய அந்தத் தாயின் கை அப்பொறிக்கு இல்லை. புட்டியைச் சுமந்து சென்றாலும் சுமக்காவிட்டாலும், குளிப்பதற்கும் துவைப்பதற்கும் சமைப்பதற்கும் அந்நீரைத்தானே நாம் பயன்படுத்துவோம்? ஆதலின் உண்மையான கேள்வி, தண்ணீரைக் கொண்டு செல்லலாமா என்பதன்று. எதற்காகச் செல்கிறோம் என்பதே.

இவ்விடத்தில் நம் முன்னோர் வகுத்த குணவிரதங்கள் துணைக்கு வருகின்றன. இன்ன திசையில் இன்ன எல்லைவரை மட்டுமே செல்வேன் என வரையறுப்பது திசை விரதம். ஆறு, மலை, காடு ஆகியவற்றோடு கடலையும் அவ்வெல்லைகளுள் ஒன்றாகச் சமந்தபத்திராசாரியார் குறித்தார். பயனின்றி விளையும் தீங்கை விலக்குவது அனர்த்ததண்ட விரதம். துய்க்கும் பொருள்களை அளவுபடுத்துவது மூன்றாவது. இவை பயணத்தை முற்றும் தடுக்கவில்லை. பயணத்திற்குக் காரணம் உண்டா எனக் கேட்கச் சொல்கின்றன. 1893ஆம் ஆண்டில் சிக்காகோ சர்வசமயப் பேரவைக்கு அழைப்பு வந்தபோது, துறவியாகிய ஆத்மாராம்ஜி மகராஜ் தம் விரதம் கருதிக் கப்பலேறவில்லை; இல்லறத்தாரான வீர்சந்த் ராகவ்ஜி காந்தியை அனுப்பி, ஜிநதர்மத்தை அங்கு எடுத்துரைக்கச் செய்தார். செல்லாதவரும் அறம் காத்தார். சென்றவரும் அறம் காத்தார். இருவருக்கும் தத்தம் எல்லை எதுவெனத் தெரிந்திருந்தது.

என் உறவினர் மருமகளுக்கு நான் கூறிய விடை இதுதான்: “அம்மா, தண்ணீர்ப் புட்டிகளை ஒளித்து எடுத்துச் செல்லாதே. விரதம் காக்கப் பொய்யைத் துணைக்கொண்டால் இரண்டும் போய்விடும். மடித்த துணி ஒன்றை எடுத்துச் செல். பரிமாறுபவர் தண்ணீர் தந்தால் முகம் சுளிக்காமல் வாங்கி வடிகட்டிக்கொள். கேட்டால் காரணத்தை அன்போடு சொல். திரும்பி வந்தபின், இப்பயணத்தில் மகிழ்ந்ததையும், அதற்காக அழிந்ததையும் ஒரு நாள் சாமாயிகத்தில் அமர்ந்து எண்ணிப் பார். அடுத்த பயணத்தின் எல்லையை நீயே வகுத்துக்கொள்வாய்.”

அவர்கள் சென்று வந்தனர். துணி நனைந்ததா என்று நான் கேட்கவில்லை. ஆனால் சென்ற மாதம் அவள் தொலைபேசியில், “பெரியம்மா, எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரை வடிகட்டினால் அலசிய நீரை எங்கே விடுவது?” என்று கேட்டாள். மறுபாதி அறத்தைப் பற்றி அவள் கேட்டுவிட்டாள். அக்கேள்விக்கு நிறைவான விடை என்னிடம் இல்லை. அறிந்த பெரியோர் இவ்விதழின் வாயிலாகத் தெளிவுறுத்த வேண்டுகிறேன்.

எவ்வுயிரும் இன்புறுக! வளர்க ஜிநதர்மம்!