சீதைக்காகப் பேச யாருக்கு உரிமை?

அமெரிக்கக் கார்ட்டூன் கலைஞர் நினா பேலி, ஏறக்குறையத் தனியாளாகக் கணினியில் உருவாக்கி 2008-இல் வெளியிட்ட 'சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்' அனிமேஷன் படத்தில், சீதை 1920-களின் ஜாஸ் பாடகி அனெட் ஹான்ஷாவின் குரலில் பாடுகிறாள். இடையிடையே மூன்று நிழற்பாவைகள் ராமாயணத்தை நினைவிலிருந்து சொல்லி, ஒன்றையொன்று திருத்தி, குழம்பிச் சிரிக்கின்றன. இந்து அமைப்புகள் சில இதை நிந்தனை என்றன. வெள்ளைக்காரப் பெண் இக்கதையை எடுத்தாளலாமா என்று வேறொரு தரப்பு கேட்டது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: புனிதக் கதைக்குச் சொந்தக்காரர் உண்டு. ராமாயணத்தின் வரலாறு இதற்கு இடம் தரவில்லை.

சீதைக்கு நேர்ந்தது நியாயமா என்ற கேள்வி மரபுக்குள்ளேயே புகைந்து வந்திருக்கிறது. ராவணன் கவர்ந்தது மாயச் சீதையைத்தான் என்றது அத்யாத்ம ராமாயணம். வடமொழிக் கவிஞர் பவபூதி தன் நாடகத்தில் பிரிந்த ராமனையும் சீதையையும் சேர்த்துவைத்தே முடித்தார். கம்பனில் ராவணன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துப் போகிறான். 'இவர்கள் பக்தியால் மாற்றினார்கள், பேலி கேலிக்காக மாற்றினார்' என்று மறுக்கலாம். ஆனால் சமண முனிவர் விமலசூரி, ராவணனைக் கொன்றது லட்சுமணன் என்றே எழுதினார். ஜாவாவில் முஸ்லிம் பாவைக்கூத்தர்கள் ராமன் கதையை நடத்துகிறார்கள். சிரிப்பும் புதிதில்லை, கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் யாரைத்தான் விட்டுவைத்தான்? பேலியின் படத்தில் சிரிப்புக்கு நடுவிலும் பரிவு முழுக்கச் சீதையின் பக்கமே இருக்கிறது.

அப்படியானால் எந்த மறுகூறலும் குறையற்றதா? இல்லை. இப்படத்தில் ராமன் பெரும்பாலும் மனைவியைக் கைவிடும் கணவனாகவே சுருங்குகிறான். வால்மீகியின் உத்தரகாண்டத்தில் அவன் மறுமணம் செய்யாமல், வேள்வியில் சீதையின் பொற்படிமத்தை அருகில் வைத்துக்கொள்கிறான். அரச தர்மமும் இல்லற தர்மமும் மோதும்போது எதைத் தேர்ந்தாலும் ஒரு பாவம் மிஞ்சும் என்ற கனம் அங்கே இருக்கிறது. அது நீங்கினால் பெரிய அறச்சிக்கல் வெறும் குடும்ப வழக்காகிவிடும். இந்தக் குறையைச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு; பேலிக்குக் கதை சொல்ல இருக்கும் உரிமையை அது பறிப்பதில்லை. எதை விட்டுவிட்டாய் என்று அவரிடம் கேட்பதற்கு நாமும் உத்தரகாண்டத்தைப் படித்திருக்க வேண்டும். நீ யார் என்று கேட்பதற்கு எதையும் படிக்க வேண்டியதில்லை.